சகலைக்கு என்ன கோபம்

ஒரு படத்தில் வில்லனுக்கு என்ன கோபம் என்பதைப் பல்செட்டுக்காரர் மறந்துபோன ஞாயிற்றுக்கிழமை மதியம், அந்த வில்லன் அவர் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து, ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் கறுப்புக் கையுறை, மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். சாப்பாட்டு மேசையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். பல்செட்டுக்காரர், வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி, மனைவியின் தங்கையான மருந்துக்கடைக்காரி, இந்த இருவருக்கும் அண்ணனான லிஃப்ட் மெக்கானிக். நால்வருமே வந்தவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரும் கத்தவில்லை. தெரிந்த முகம் வீட்டுக்குள் வந்தால் கத்துவதற்கு என்ன இருக்கிறது? வீட்டம்மா இன்னொரு தட்டு எடுத்து வைத்தார். வந்தவர் உட்காருமுன் நாற்காலியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடப் பார்த்தார். அது சுற்றாது என்று தெரிந்ததும் முகம் லேசாக வாடியது.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக்கு நடுவே பழைய படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் படத்தை நால்வரும் ரசித்துப் பார்த்தவர்கள். பல்செட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பே பலமுறை பார்த்துவிட்டு, பிறகு முதல்முறை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மனைவியோடும் போய்ப் பார்த்தவர். ஆனால் கதை என்ன என்று வந்தபோது ஆளாளுக்கு மிஞ்சியிருந்தது ஓட்டை உடைசல்தான். பல்செட்டுக்காரருக்கு முன்சீட்டுக்காரரின் பெரிய தலை அச்சு அசலாக ஞாபகம் இருந்தது. அந்தத் தலைக்கு அப்பால் நடந்த சண்டை ஞாபகம் இல்லை. வீட்டம்மாவுக்கு நாயகியின் ஜன்னலில் தொங்கிய பச்சைத் திரைச்சீலையும் அதன் மட்டமான மடிப்பும் ஞாபகம் இருந்தன. மருந்துக்கடைக்காரிக்கு இடைவேளையில் அக்கா தன்னுடைய ஐஸ்கிரீமைப் பிடுங்கித் தின்றது இன்றும் ஆறவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கின் கதைதான் பெரிய அவமானம். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு முடிவை முன்கூட்டியே சொல்லி அடி வாங்கிய மனிதர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே முந்திரிக்கொட்டை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் பயம் தெரியாமல் இருக்க வெளியே நின்று கதை சொல்வார். கதவு திறப்பதற்குள் கிளைமாக்ஸும் வந்துவிடும். அவரே இந்தப் படத்தில் முழித்தார். படம் பிரமாதம் என்பதில் மட்டும் நால்வருக்கும் ஒரே கருத்து. அப்போதுதான் பல்செட்டுக்காரர், “ஆமா, அந்த வில்லனுக்கு அப்படி என்னதான் கோவம்?” என்று கேட்டார். நாலு பேரும் மூளையைக் கசக்கினார்கள், பிறகு விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். உலகத்தில் அந்தக் கோபத்தை ஞாபகம் வைத்திருந்த கடைசி ஆள் பல்செட்டுக்காரர் என்பது யாருக்கும் தெரியாது. இப்போது அவரும் மறந்தாயிற்று. குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது.

வந்தவரும் அதையேதான் கேட்டார். “தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு யார் மேலயோ பயங்கரக் கோவம் இருக்கணும். யார் மேல, எதுக்குன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” தெரியாது என்று சொல்ல நால்வருக்கும் கூச்சமாக இருந்தது. ஒரு மனிதனின் உயிர்மூச்சாக இருந்த விஷயத்தை டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுத் தொலைத்துவிட்டார்களே. அவர் அடுத்து, “கடைசில எனக்கு என்ன ஆச்சு?” என்றார். இது நால்வருக்கும் நன்றாகத் தெரியும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நாயகனோடு சண்டை போட்டு, அங்கிருந்து விழுந்து செத்தார். படத்தில் யாரும் மறக்காத ஒரே காட்சி அது. மற்ற மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, மருந்துக்கடைக்காரி, “கடைசில நல்லாத்தான் இருந்தீங்க. ஆறிடப் போகுது, சாப்பிடுங்க” என்றாள். காலாவதியாக ஒரு வாரம் இருக்கும் மருந்தைக்கூட அதைச் சொல்லாமல் விற்காதவள் அவள். அக்காவே ஆச்சரியமாகப் பார்த்தார்.

திரும்பிப் போக அவருக்கு இடமில்லை. குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே குளியலறைதான் இருந்தது. ஆகவே மறுநாள் காலை பல்செட்டுக்காரர் அவரைக் கீழ்த்தளத்துப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். சுவரெல்லாம் பலகைகள், பலகையெல்லாம் ஊராரின் வாய்களை அச்செடுத்த வெள்ளை மாவுக்கட்டுகள், மேசையில் இளஞ்சிவப்பு மெழுகு, பல் தேய்க்கும் சின்ன மோட்டார், எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய தூசி. அங்கே இருந்த முக்காலி சுற்றுகிற ரகம். வில்லன் அதில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தவாறு இருந்தார், வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் மெல்லத் திரும்பி, “வாங்க... உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்றார். பல்லெல்லாம் போன பெரியவர்களுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. அவர்களுக்காக யாராவது காத்திருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அச்சுமாவு இறுகும்வரை அவர் கம்பீரக் குரலில் பத்து, ஒன்பது என்று தலைகீழாக எண்ணுவார். சொல்லி வைத்ததுபோலப் பூஜ்யத்தில் மாவு இறுகியிருக்கும். பார்சல்களை அவர் கட்டுகிற முடிச்சை அவிழ்க்கக் கத்தி வேண்டும். ஆரம்பத்தில் மேசைக்கு அடியில் கையை விட்டு ஏதோ பொத்தானைத் தேடினார். வேண்டாதவர்கள் நிற்கும் இடத்தில் தரை திறந்துகொள்ளும் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. இழுப்பறைதான் திறந்தது. விரலைச் சொடுக்கினால் நாலு தடியர்கள் ஓடிவருவார்கள் என்ற நம்பிக்கையும் நாளடைவில் போய்விட்டது. ஆனாலும் பழக்கதோஷத்தில் சொடுக்குவார், பக்கத்து வீட்டுப் பூனை வரும்.

பட்டறைக்கு அவரால் வந்த பெரிய லாபம் அவருடைய சிரிப்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தலையை அண்ணாந்து மூன்று ஹா. காரணம் எதுவும் கிடையாது. முகத்தில் சந்தோஷமும் கிடையாது. சம்பளம் வாங்கியவர் வேலையை முடித்துக் கொடுப்பதுபோலச் சிரித்துவிட்டு மறுபடி மெழுகைச் சுரண்டுவார். பலகையில் மாவுக்கட்டுகள் அதிரும். முதலில் பயந்துபோன பல்செட்டுக்காரர் பிறகு அதைத் தொழிலில் சேர்த்துக்கொண்டார். புது செட்டு மாட்டிய ஆள் அவரோடு சேர்ந்து அதே மாதிரி மூன்று ஹா சிரிக்க வேண்டும். செட்டு கழன்று விழாவிட்டால் பொருத்தம் சரி. அடுத்த பேட்டைகளிலிருந்தெல்லாம் பொக்கை வாய்க்காரர்கள் வந்தார்கள். மாலையில் பட்டறைப் பக்கம் போனால் ஏழெட்டு வயசாளிகள் வில்லச் சிரிப்புச் சிரிப்பது கேட்கும். தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மருந்துக்கடைக்காரி அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்று பேச்சு எடுத்தவர்களை ஒரே வார்த்தையில் வாயடைத்து அனுப்புகிறவள். மாமாவின் பட்டறைக்கு ஸ்பிரிட்டும் பஞ்சும் கொடுக்க வருகிற சாக்கில் தினமும் வர ஆரம்பித்தாள். கடையில் வேலை செய்தவர்கள் கணக்குப்படி அந்தப் பஞ்சை வைத்து இரண்டு மெத்தை தைத்திருக்கலாம். அவள் என்ன கிண்டல் செய்தாலும் வில்லனுக்குக் கோபம் வராது. கோட்டைக் கேலி செய்தாள், புருவத்தைக் கேலி செய்தாள், அவர் சிரித்துக்கூட மறுக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டார். கோபத்துக்கென்றே பிறந்த மனிதர், கோபம் தொலைந்துபோனதால் உள்ளே நல்ல காலி இடம் இருந்தது. அந்த இடத்தில் அவள் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். இதை அக்காவிடம் சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. “எனக்கு அவரைப் பிடிச்சிருக்குக்கா. சிரிக்காத” என்றாள். அக்கா சிரித்தார்.

ஆபத்து இருப்பது தெரிந்ததும் அந்த நாட்களில்தான். ஒருநாள் வீட்டம்மா மாடியில் துணி கத்தரித்துக்கொண்டே, கீழே பட்டறைக்குக் கேட்கும் குரலில், “அந்தப் படத்துல இவர் கையில ஒரு பிரம்பு வச்சிருப்பாரில்ல?” என்று தற்செயலாகச் சொன்னார். மறந்து, திரும்பி வந்த ஞாபகம். அந்த நொடியே பட்டறையில் இருந்த வில்லன் மேல் பழைய பிரிண்டில் ஓடுகிற கோடுகள் மேலிருந்து கீழாக ஓடின. வலது கை முழங்கைவரை மங்கி, அதற்குள்ளே பின்னால் இருந்த பலகை தெரிந்தது. மருந்துக்கடைக்காரி மாடிக்கு ஓடிவந்து அக்காவின் கையில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். கண்ணெரிச்சலில் பிரம்பு மறந்துபோனது, கை திரும்பி வந்தது. இதிலிருந்து ஒன்று விளங்கியது. மறக்காமல் இருந்தவற்றால் அவருக்கு எதுவும் ஆகவில்லை. மறந்து திரும்பி வருபவைதான் அவரைப் படத்துக்குள் இழுக்கின்றன. பிரம்புக்கே ஒரு கை போகுமென்றால், கோபத்தின் காரணம் யாருக்காவது ஞாபகம் வந்தால் முழு ஆளும் போய்விடுவார். போனால் எங்கே போவார் என்பது தெரிந்ததுதான். நேராகக் கலங்கரை விளக்கத்துக்கு.

எனவே தெருவில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது நின்றுபோனது. யாராவது அதன் பாட்டை முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவர் வேறு பாட்டைச் சத்தமாகப் பாடுவார். எல்லோரும் ஒத்துழைத்தார்கள், முந்திரிக்கொட்டையைத் தவிர. அவர் கெட்ட மனிதர் இல்லை. தங்கை மேல் உயிர். ஆனால் ஒரு படத்தின் கதை ஞாபகம் வராமல் இருப்பது அவருக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. நாக்கு சும்மா இருக்காது. “நான் வேணும்னே யோசிக்கலம்மா, அதுவா வருது. தொண்டை வரைக்கும் வருது, அப்புறம் இறங்கிடுது” என்று தங்கையிடம் பரிதாபமாகச் சொன்னார். அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று எழுத்தர் கேட்க, மாப்பிள்ளை உண்மையைச் சொல்ல, எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பல்தொழில் என்று எழுதிக்கொண்டார். விருந்தின்போது முந்திரிக்கொட்டை திடீரென்று எழுந்து, “ஆ! வந்துடுச்சு! ஞாபகம் வந்துடுச்சு!” என்று கத்தினார். மாப்பிள்ளை மேல் கோடுகள் ஓடுகின்றனவா என்று எல்லோரும் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரி அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அண்ணனுக்கு ஞாபகம் வந்தது வேறொரு படத்தின் முடிவு. அதையும் அவர் விடாமல் சொல்லி முடித்தார். அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் வில்லனைச் சகலை என்று அழைத்தார். வில்லனும் அவரைச் சகலை என்றார். தங்கப்பல் தெரிய அவர் அப்படிக் கூப்பிடும்போது புதிதாகக் கேட்பவர்களுக்குக் கொலை மிரட்டல் மாதிரி இருக்கும்.

நாலைந்து வருஷம் நல்லபடியாக ஓடியது. பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் அறிவிப்பு வந்தது: வரும் ஞாயிறு மதியம், அந்தப் படம். மருந்துக்கடைக்காரி அன்று மூன்று பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தாள். தெரு கூடிப் பேசியது. யாரும் பார்ப்பதில்லை என்று ஒருமனதாக முடிவாயிற்று. வீட்டம்மா அந்த வாரம் முழுக்க மிஷினை மிதித்து, தெருவில் எல்லா வீட்டு ஜன்னலுக்கும் கனமான திரைச்சீலை தைத்துக் கொடுத்தார், ஒரு வீட்டு வெளிச்சம் இன்னொரு வீட்டுக்காரரின் ஞாபகத்தைக் கிளறிவிடக் கூடாதே என்று. முந்திரிக்கொட்டை தானாகவே முன்வந்து, ஞாயிறு மதியம் ஒரு மாடிக்கட்டிடத்தின் லிஃப்டுக்குள் ஏறி, இரண்டு தளங்களுக்கு நடுவே அதை நிறுத்தி, சாவியைக் கழற்றிக் கதவிடுக்கு வழியாகக் காவலாளியிடம் கீழே போட்டார். தங்கைக்காக இதைச் செய்தார். ஆனால் ஞாயிறு மதியம் வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும், நான் ஒருவன் பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று நினைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பெட்டியைப் போட்டார்கள். திரைச்சீலை வேறு கனமாக இருந்தது, யார் கண்ணிலும் படாது. கனமான திரைச்சீலை கொடுத்தால் மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். தைத்துக் கொடுத்த வீட்டம்மாவே பார்த்தார்.

மருந்துக்கடைக்காரி மட்டும் மறைக்கவில்லை. கணவரைச் சோபாவில் உட்கார வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தானே பெட்டியைப் போட்டாள். “இத்தனை வருஷம் யாருக்கு ஞாபகம் வருமோன்னு பயந்து பயந்து என்னால முடியலைங்க. வர்றது நம்ம கண் முன்னாடி வரட்டும்” என்றாள். அவர், “கடைசில நல்லாத்தானே இருந்தேன்னு சொன்ன?” என்றார். அவள் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எழுத்துகள் ஓட ஓட அவர் மேலும் கோடுகள் ஓடின. கால்கள் மங்கின, சோபாவின் பூவேலை தெரிந்தது. வில்லனின் மாளிகை வந்தது. உயரமான நாற்காலி முதுகைக் காட்டி நின்றது. இசை ஓங்கியது. நாற்காலி மெல்லத் திரும்பியது. அதில் யாரும் இல்லை.

ஆள் இங்கே சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது அங்கே எப்படி இருப்பார்? தடியர்கள் காலி நாற்காலிக்கு முன் கைகட்டி நின்று, “சரிங்க பாஸ்” என்றார்கள். நாயகியை யாரோ கடத்தினார்கள், யார் என்று தெரியவில்லை, கயிறு மட்டும் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. படம் நகர நகரக் கலங்கரை விளக்கம் நெருங்கியது. இல்லாத ஆளையும் அது இழுக்கத்தான் செய்தது. இப்போது அவர் இடுப்புவரை மங்கியிருந்தார். நாயகன் படியேறி உச்சிக்கு வந்தான். காற்றை ஓங்கிக் குத்தினான். நிலைதடுமாறித் தூணைக் குத்திக்கொண்டு, கையை உதறி, வலியை மறைத்து, திரும்பி வேறு பக்கத்துக் காற்றை ஒரு உதை விட்டான். பிறகு அந்தக் காற்றின் காலரைப் பிடித்துத் தூக்கி, “என் மேல உனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு எனக்குத் தெரியும்டா! அன்னைக்கு...” என்று ஆரம்பித்தான். தெருவில் அத்தனை வீட்டிலும் அத்தனை பேரும் பெட்டியை நோக்கிக் குனிந்தார்கள். லிஃப்டுக்குள் முந்திரிக்கொட்டை மேல்தளத்துப் பெட்டிகளின் சத்தமும் கீழ்த்தளத்துப் பெட்டிகளின் சத்தமும் சேர்ந்து வருவதைக் கேட்டு, காதைப் பொத்துவதா வேண்டாமா என்று தவித்தார்.

அப்போது வில்லன் சிரித்தார். அந்த மூன்று ஹா இல்லை. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கி, “அடப்பாவி, யாரைடா தூக்கிட்டு நிக்கிற?” என்று சொல்ல முயன்று முடியாமல் மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்பு திரைச்சீலைகளைத் தாண்டிப் போனது, பட்டறையில் மாவுக்கட்டுகள் கிடுகிடுத்தன, லிஃப்ட் குழிக்குள் இறங்கி எதிரொலித்தது. நாயகனின் வாய் அசைவது தெரிந்தது; என்ன சொன்னான் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. சிரிப்பு நின்றபோது வசனம் முடிந்துவிட்டிருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு மட்டும் கைகளை விரித்து மெதுவாகக் கீழே விழுந்தது. சோபாவில் அவர், போட்டிருந்த கோட்டு போய், வெறும் சட்டையோடு, கால்களோடு, முழுசாக உட்கார்ந்திருந்தார். சிரித்த வேகத்தில் தங்கப்பல்லின் உறை தெறித்து விழுந்திருந்தது. அடியில் ஒரு சாதாரணப் பல், கொஞ்சம் கோணல். மருந்துக்கடைக்காரி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். காப்பி போடத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் படம் போடுகிறார்கள். முந்திரிக்கொட்டையைக் கேட்டால், அதில் வில்லனே கிடையாது, நாயகனுக்கு அவன் மனசுதான் வில்லன், ரொம்ப உயர்ந்த படம் என்று லிஃப்டுக்கு வெளியே நின்று விளக்குகிறார். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் ஞாபகம் இருந்ததாகவும் சொல்கிறார். கடைசி வசனம் இன்றும் யாருக்கும் கேட்பதில்லை; அந்த இடத்தில் தியேட்டர்காரர்களே பிரிண்டைக் கெடுத்துவிட்டார்கள் என்பது தெருவின் பொதுவான அபிப்பிராயம். சகலைக்கு நாயகனை நினைத்தால் வருத்தம்தான். “நல்ல பையன். கூடப் பேச ஒரு ஆள் இருந்திருந்தா இப்படி ஆயிருக்க மாட்டான்” என்பார்.

அந்தப் படம் முதல்முறை தொலைக்காட்சியில் வந்ததற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரி மூச்சிரைக்க அக்கா வீட்டுக்கு ஓடிவந்து, “அக்கா, அவருக்குக் கோவம் வந்துடுச்சுக்கா!” என்றாள். கண்ணெல்லாம் பூரிப்பு. எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். சகலை முகம் சிவந்து, கதவை அறைந்து சாத்திவிட்டு, யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தார் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவர்கள்போலச் சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். பல்செட்டுக்காரர் சாப்பிடக் கூப்பிட்டார், அவர் வரமாட்டேன் என்றார். பிறகு வந்தார். சாப்பாட்டுக்கு நடுவே, அப்படி என்னதான் கோபம் என்று பேச்சு வந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்கு என்றார் வீட்டம்மா. பூனையைத் திட்டியதற்கு என்றார் முந்திரிக்கொட்டை. மருந்துக்கடைக்காரிக்கு ஞாபகம் இல்லை. சகலை யோசித்துப் பார்த்தார், அவருக்கும் இல்லை. பல்செட்டுக்காரர் மட்டும் ஒருமுறை குளியலறைப் பக்கம் திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டார். குழாய்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் குழம்புக் கிண்ணத்தைச் சகலை பக்கம் நகர்த்தி வைத்தார்.